பண்டாரி பாய் சாப்பிடாத கதை

எண்பதுகளின் நடுவில் நான் செஞ்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். வந்த புதிதில் நோயாளிகள் "இன்னா சிஸ்டர்?" என்று கேட்டால் என்னை அதட்டுகிறார்கள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அது அதட்டலாகவும் இருக்கலாம், பிரியமாகவும் இருக்கலாம், சும்மா தொண்டையைச் செருமிக்கொள்வதாகவும் இருக்கலாம் என்று புரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று.

பண்டாரி பாயைக் கொண்டுவந்தபோது ஊர் எனக்கு நன்றாகவே பழகியிருந்தது. பண்டாரி என்றால் கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிறவர். செஞ்சியைச் சுற்றி எந்த பாய் வீட்டில் நிக்காஹ் நடந்தாலும் தேக்சா என்கிற அந்தப் பெரிய பாத்திரத்துக்கு அடியில் தீ மூட்டுகிறவர் அவர்தான். காதுகுத்து, கெடா வெட்டு என்று விவசாயிகள் வீடுகளிலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அவர் கைச்சோறு சாப்பிடாதவர்கள் யாரும் இல்லை. நானும் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டாவது முறை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து வந்ததை நினைத்து வெகுநாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு காலை நேரத்தில் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கத் தெரியாமல் இறங்கினார். ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மனைவியின் தம்பி. காலை ஓரிடத்தில் வைத்தால் வேறோர் இடத்தில் விழுந்தது. வாசல்படி ஒன்றை இரண்டாகப் பார்த்து, இல்லாத படியில் ஏறப் போனார். வாசலில் நின்ற வாட்ச்மேன் ஒரே பார்வையில் தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"காலைலயேவா? அந்த மரத்தடில படுக்க வை. தெளிஞ்சதும் தானா எழுந்து பூடுவாரு."

அந்த அம்மாள் குட்டையானவர். வாட்ச்மேனின் சட்டைப் பித்தானை அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டும். ஆனால் பேசிய பேச்சில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

"இன்னாடா சொன்ன? குடியா? எங்க வீட்டு ஆம்பள டீத்தண்ணியத் தவிர எதையும் தொட்டதில்ல. உன் தங்கச்சி கல்யாணத்துல மூணு தட்டு தின்னியே, அப்ப அவரு தள்ளாடிக்கிட்டா ஆக்குனாரு?"

அவன் உள்ளே போய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

விஷயம் இதுதான். அவருக்குச் சில மாதங்களாகவே வயிறு சரியில்லை. குமட்டல், அவ்வப்போது வாந்தி. கொஞ்ச நாளாக ஒரே அசதி. ஏதோ ஒரு கிளினிக்கில் காட்டி, "ஒடம்புக்குத் தெம்பு இல்ல, குளுகோஸ் ஏத்துங்க" என்று இவர்களே கேட்டு வாங்கி, பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தெம்பு வருவதற்குப் பதிலாகக் கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பேச்சும் குழறியது.

சட்டையைக் கழற்றினோம். தொளதொளவென்ற வெள்ளைச் சட்டைக்குள் அவர் இவ்வளவு மெலிந்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பாதங்கள் மட்டும் வீங்கிப் பளபளத்தன. கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் துடித்தன.

எங்கள் டாக்டரம்மா அதிகம் பேசாதவர். பேசினாலும் கேள்வியாகத்தான் பேசுவார். அந்த அம்மாளிடம் திரும்பிக் கேட்டார்.

"இவர் என்ன சாப்பிடுறார்?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். வாட்ச்மேனைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்களா என்பது போலக் கூரையையும் பார்த்தார்.

"டாக்டரம்மா, ஊருக்கே ஆக்கிப் போடுறவரு அவரு."

"அது தெரியும். அவர் என்ன சாப்பிடுறார்?"

"கல்யாண வீட்ல சாப்டுவாரு. வீட்டுக்கு வந்தா, 'அங்கயே ஆச்சு, வேணாம்'னு படுத்துக்குவாரு."

அந்த அம்மாளின் தம்பிதான் பண்டாரிக்குக் கையாள். வெங்காயம் வெட்டுவதிலிருந்து தேக்சா இறக்குவது வரை கூடவே இருப்பவர். அவர் மெதுவாக வாயைத் திறந்தார்.

"அக்கா, மச்சான் அங்க சாப்பிட மாட்டாரே. உப்பு பாக்க நாக்குல ஒரு சொட்டு வெப்பாரு, அவ்ளோதான். 'நெருப்புகிட்ட நின்னா எனக்கு எறங்காது, வீட்ல போயி உங்கக்கா கையால சாப்டுக்கிறேன்'ன்னு சொல்லுவாரு."

அந்த அம்மாள் தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தார். ஆக, வீட்டில் கேட்டால் கல்யாண வீட்டில் ஆயிற்று, கல்யாண வீட்டில் கேட்டால் வீட்டில் ஆகும். இரண்டுக்கும் நடுவில் மனிதர் மாதக்கணக்கில் டீயும் வறுக்கி ரொட்டியும் வெற்றிலை பாக்குமாக ஓட்டியிருக்கிறார். அதிலும் பாதியை வாந்தி எடுத்திருக்கிறார்.

"யா அல்லா, என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணாரே சாப்டேன்னு!" என்று அந்த அம்மாள் தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டார். படுத்திருந்தவர் அந்தச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்து, இரண்டு மனைவிகளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா குளுகோஸ் வேண்டாம் என்றார். பி ஒன்று விட்டமின் ஊசியை எடுத்து வரச் சொன்னார். இது அந்தக் குடும்பத்துக்கு ஒப்பவில்லை. ஆஸ்பத்திரி என்றால் பாட்டில் தொங்க வேண்டும், சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும், பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்து உச்சுக் கொட்ட வேண்டும். வெறும் ஊசியைப் போட்டுவிட்டுப் போனால் எப்படி?

"குளுகோஸ் சர்க்கரைம்மா," என்றார் டாக்டரம்மா. "சோறும் சர்க்கரைதான். உடம்பு அதை எரிச்சுத் தெம்பாக்குறதுக்கு இந்த விட்டமின் வேணும். இவர் உடம்புல அது சுத்தமா தீர்ந்துபோச்சு. தீப்பெட்டி இல்லாம விறகை மட்டும் அடுக்கிட்டே போனா அடுப்பு எரியுமா?"

"தீப்பெட்டி இல்லன்னு அந்த க்ளினிக்ல ஒருத்தரும் சொல்லலியே," என்றார் அந்த அம்மாள். "சொல்லியிருந்தா எந்தக் கடையில இருந்தாலும் வாங்கியாந்திருப்பேனே."

பி விட்டமின் ஊசிக்கு ஒரு வாடை உண்டு. மருந்துக் குப்பியை உடைத்ததும் வார்டு முழுக்கப் பரவும். அரைமயக்கத்தில் இருந்த பண்டாரி மூக்கைச் சுருக்கினார்.

"பெருங்காயம் கெட்டுப்போச்சு. இத எவன் வாங்கியாந்தான்? திருப்பிக் குடுத்துட்டு வா."

அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

மறுநாளே கண்ணின் துடிப்பு அடங்க ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் மனைவி ஒருவராகத் தெரிந்தார். "ஒண்ணுதானா?" என்று கேட்டதாக மைத்துனர் பிற்பாடு சொல்லிச் சிரித்தார். உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகுதான் சோற்றுச் சண்டை தொடங்கியது. டாக்டரம்மா கொடுக்கச் சொன்னது கொஞ்சம் பால், கொஞ்சம் நீர்க்கஞ்சி, ஊசியும் மாத்திரையும். நாளுக்கு நாள் ஒரு கரண்டி கூட்டலாம். அதற்கு மேல் கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோற்றைக் கொட்டினால் இரத்தத்தில் இருக்கிற உப்புகள் தாறுமாறாகக் குறைந்துவிடும், இதயம் திணறும் என்று என்னிடம் தனியாக விளக்கினார். அந்த உப்புகளையெல்லாம் அளந்து பார்க்கும் வசதி எங்களிடம் கிடையாது. ஆகவே ஏமாறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நான் அதை அப்படியே அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சிஸ்டர், உனக்கு இன்னும் கல்யாணம் ஆவல இல்ல?"

"ஆகலைங்க."

"அதான். பசியில கெடக்குறவனுக்குச் சோறு போட்டா ஒடம்புக்கு ஆவாதாம். இத வெளியில எங்கயும் சொல்லிடாத. செஞ்சியில உனக்கு மாப்ள கெடைக்காது."

வார்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த அம்மாள் பக்கம். பண்டாரி கையால் சாப்பிட்ட ஊராயிற்றே! ஒருவர் ஆட்டுக்கால் சூப்போடு வந்தார், ஒருவர் நெய் மணக்கும் அல்வாவோடு வந்தார். நான் வாசலில் மறித்து ஒவ்வொரு டிபன் கேரியராகத் திருப்பி அனுப்பினேன். அந்த வாரம் செஞ்சியில் என்னைவிடக் கெட்ட பெயர் எடுத்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. எல்லாரையும் மறித்தேன், அந்த அம்மாளை மட்டும் மறிக்கவில்லை. அவர் துவைத்த துணிப் பையோடு வருவார், அழுக்குத் துணிப் பையோடு போவார். நோயாளியின் மனைவி துணி கொண்டுவருவதை யார் சோதிப்பார்கள்?

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் என்னைக் கத்திக் கூப்பிட்டார். அவர் தளவானூர் விவசாயி. பனைமரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தார்.

"நர்ஸம்மா, பாய்க்கு மூச்சு வாங்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தால் பண்டாரி நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நாடி தறிகெட்டு ஓடியது. வடிந்திருந்த கால் மறுபடி வீங்கியிருந்தது. டாக்டரம்மா வந்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், கேள்வியே கேட்காமல் கட்டிலுக்கடியில் குனிந்து துணிப்பையை எடுத்தார். உள்ளே லுங்கிக்கும் பனியனுக்கும் நடுவில் ஒரு தூக்கு. தூக்கில் நெய்ச்சோறும் கறிக்குழம்பும் தின்றது போக மிச்சம்.

அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனது. அவரைத் திட்ட யாருக்கும் நேரம் இல்லை. ஆக்ஸிஜன் வைத்தோம். ஊசிகள் போட்டோம். பொட்டாசியம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். பாண்டிச்சேரிக்கு அனுப்பலாமா என்று டாக்டரம்மா யோசித்து, வழியில் தாங்குவாரா என்று தயங்கி, கடைசியில் கட்டில் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலையில் வெயில் இறங்க இறங்க, மூச்சு ஒழுங்குக்கு வந்தது. அந்த அம்மாள் அத்தனை நேரமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது அவர்தான். கையில் பனைவிசிறி. உள்ளே வருகிற ஒவ்வொருவரின் கையையும் விசிறியால் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"பையில இன்னாது?"

"ஆரஞ்சுப் பழங்க, பாய்க்கு."

"பாய்க்கு வேணாம். வெச்சுட்டுப் போ, சிஸ்டர் சாப்டும்."

அதன்பிறகு ஒரு திராட்சைகூட உள்ளே நுழையவில்லை. டாக்டரம்மா கஞ்சியில் ஒரு கரண்டி கூட்டலாம் என்று சொன்னாலும் இந்த அம்மாள், "அவசரமா டாக்டரம்மா? நாளைக்குக் கூட்டலாமே" என்று பேரம் பேசினார். வாட்ச்மேன் தன் வேலை போய்விடுமோ என்று பயந்தான்.

பண்டாரி தேறினார். எழுந்து உட்கார்ந்தார், பேசினார், கலகலப்பாகவே பேசினார். எங்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. ஒருநாள் காலை சகஜமாகக் கேட்டேன்.

"பாய், ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"

"எங்க சிஸ்டர் தூங்குறது? அவலூர்பேட்டைல நிக்காஹ். இப்பதான் முதல் பஸ்ல வந்து எறங்குறேன். அரிசி நல்ல அரிசி, ஆனா விறகு பச்சை. புகை கண்ணு ரெண்டையும் எடுத்துடுச்சு."

கண்ணைக் கசக்கியும் காட்டினார். நான் அவருடைய மனைவியைப் பார்த்தேன்.

"இன்னாங்க பேசுறீங்க? ராத்திரி பூரா இந்தக் கட்டில்லதான கெடந்தீங்க?"

"நீதான் தூங்கிட்டியே. எழுப்ப வேணாம்னு போயிட்டு வந்தேன்."

அன்றிலிருந்து தினமும் ஒரு கல்யாணம். ஒருநாள் சீயமங்கலத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்ததால் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற தால்ச்சா சரியில்லாமல் போனது. ஒருநாள் மாப்பிள்ளை வீட்டார் கறி குறைவு என்று கோபித்துக்கொண்டு, அவர் போட்ட ஒரு தட்டில் சமாதானமானார்கள். ஊர், ஆள், சண்டை, சமாதானம், எல்லாம் கண்ணெதிரே நடந்தது போலச் சொல்வார். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் அதையே வேறு ஊரில் நடந்ததாகச் சொல்வார். காலையில் என்ன குடித்தார் என்பது மட்டும் நினைவிருக்காது.

அந்த அம்மாளுக்கு இது மூச்சுத் திணறலைவிடப் பெரிய அடியாக இருந்தது.

"சாப்டேன்னு சொன்ன ஒரு பொய்யால இந்தக் கதி. இப்ப வாயத் தொறந்தா பொய்யா வருது. நான் எந்த ஊர்ல போயி இதச் சொல்லுவேன்?"

"பொய் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "அந்த விட்டமின் இல்லாமப் போனதுல மூளையில ஞாபகம் வெக்கிற இடம் அடிபட்டிருக்கு. ஓட்டை விழுந்த இடத்தை மனசு தனக்குத் தெரிஞ்சதை வெச்சு அடைச்சுக்குது. அவருக்கு அது நடந்ததுதான்."

"அவருக்கு நடந்துச்சு, சரி. எனக்கு நடக்கலியே," என்றார் அந்த அம்மாள். கணவர் ஒவ்வொரு கல்யாணத்தைச் சொல்லும்போதும் விடாமல் மறுத்துக்கொண்டே இருந்தார். அவர் மறுக்க மறுக்கக் கல்யாணம் பெரிதாகிக்கொண்டே போனது.

தளவானூர்க்காரருக்கோ கொண்டாட்டம். மாவுக்கட்டோடு படுத்துச் சலித்துப்போயிருந்தவர், "இன்னைக்கு இன்னா பாய் சமையல்?" என்று எடுத்துக்கொடுப்பார். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் பாலும் ரொட்டியும்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பண்டாரி சொல்லச் சொல்லப் பட்டையும் கிராம்பும் நெய்யில் பொரிவதைக் கேட்டபடி சாப்பிட்டால் ரொட்டி சுலபமாக இறங்குவதாகச் சொன்னார். வார்டு முழுக்கவே அப்படிச் சாப்பிடப் பழகிவிட்டது. நான் மாத்திரை கொடுக்கப் போகிற சாக்கில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் வெளிநோயாளிகள் பகுதியைக் கவனித்துவிட்டு வார்டுக்குத் திரும்புகிறேன். தாழ்வாரத்தில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று புதிதாகச் சேர்ந்த நோயாளிகள், அவர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள், அடுத்த வார்டுக்காரர்கள். ஆளுக்கொரு தட்டைக் கழுவி முன்னால் வைத்திருக்கிறார்கள். அலுமினியத் தட்டு, எவர்சில்வர் தட்டு, ஒருவர் வாழையிலைகூட வாங்கி வந்துவிட்டார். தளவானூர்க்காரர் மாவுக்கட்டை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக இருக்கிறார்.

"என்னங்க இது?"

"பாய் தம் போட்டிருக்காராம் சிஸ்டர். எறக்கப் போறாங்களாம்," என்றார் இலைக்காரர்.

தளவானூர்க்காரரை முறைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியும் நர்ஸம்மா. ஆனா அவரு சொன்ன விதத்துல, ஒருவேளை இருந்துட்டா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரத்தில் பண்டாரி கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வரிசையை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தார். காலித் தட்டுகளைப் பார்த்தார்.

"பந்தி ஒக்காந்துடுச்சு. தேக்சா எங்க? எங்க வெச்சேன்?" என்று சுற்றிலும் தேடினார். "ஜனங்க ஒக்காந்திருக்காங்க, சோறு இல்ல. யா அல்லா, என் வயசுக்கு இப்படி ஆனதில்லையே!" கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவர் நடிக்கவில்லை. ஒரு சமையற்காரருக்கு அதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது? வரிசையில் இருந்தவர்கள் தட்டுகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

அவருடைய மனைவி விசிறியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இத்தனை நாள் ஒவ்வொரு கல்யாணத்தையும் மறுத்தவர், இதையும் மறுக்கப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மாப்ள வீட்டு பஸ்ஸு வழியில நின்னுடுச்சாம். கல்யாணம் நாளைக்குத் தள்ளிப்போச்சு. அதான் தேக்சாவ அடுப்புல ஏத்தவே இல்ல. பண்டாரி மேல ஒரு தப்பும் கெடையாது."

பண்டாரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாவா?"

"நெசந்தான். நான் எப்பனா பொய் சொல்லியிருக்கேனா?"

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப கறிய எலுமிச்சம்பழம் பிழிஞ்சு மூடி வெக்கச் சொல்லு, கெட்டுப்பூடும்," என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த அம்மாள் அவருக்குப் போர்த்திவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. ரொட்டியும் பாலும் வந்தன. தாழ்வாரத்துப் பந்தியிலேயே பரிமாறினோம். வாழையிலைக்காரருக்கு மட்டும் பாலை எப்படி ஊற்றுவது என்று தெரியாமல் விழித்தோம்.

வீட்டுக்குப் போகும்போது அவர் கைத்தடியோடு நடந்தார். தடுமாற்றம் முழுசாகப் போகவில்லை, ஞாபகமும் முழுசாக வரவில்லை. பழையதெல்லாம் பத்திரமாக இருந்தது. புதியதுதான் தங்க மறுத்தது. இருந்தாலும் எந்த மசாலா எப்போது போடுவது என்பதில் ஒரு பிசகும் இல்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி கல்யாணங்களுக்குப் போக ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், மைத்துனர் செய்வார். கூடவே மனைவியும் போவார். தம் உடைத்ததும் முதல் தட்டு பண்டாரிக்கு. அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கவிழ்த்துக் காட்டின பிறகுதான் மாப்பிள்ளை வீட்டாருக்கே சோறு. யாராவது முணுமுணுத்தால் அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்து ஒரு பேச்சு பேசுவார், அவ்வளவுதான். இதெல்லாம் மைத்துனர் சொல்லித் தெரிந்தது.

அவர்களை நான் கடைசியாகப் பார்த்தது பஸ் ஸ்டாண்டில். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்த சமயம். பண்டாரி கொஞ்சம் சதை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து தடியை ஊன்றிக்கொண்டு வேகமாக வந்தார்.

"டீச்சர்! நல்லாருக்கீங்களா? எங்க பையன் எப்டிப் படிக்கிறான்?"

பின்னால் வந்த அவர் மனைவி எனக்கு மட்டும் தெரியும்படி கையை விரித்தார். அவர்களுடைய ஒரே பையன் அப்போதே பெங்களூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லா படிக்கிறான் பாய்," என்றேன்.

"கணக்குதான் கொஞ்சம் வீக்கு."

"தேறிடுவான்."

"ரெண்டு அடி போடுங்க டீச்சர். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சரி என்றேன். பஸ் வந்தது. ஒரே கூட்டம். அவர் படிக்கட்டுப் பக்கம் வந்து கண்டக்டரைத் தடியால் தட்டிக் கூப்பிட்டு, "எம் பையனோட டீச்சர்ப்பா, எடம் பாத்துக் குடு," என்றார். கண்டக்டர் அவர் கைச்சோறு சாப்பிட்டவராகத்தான் இருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் ஜன்னலோரத்தில் ஒருவரை எழுப்பி என்னை உட்காரவைத்தார். செஞ்சியை விட்டுப் போகும்வரை, அந்த பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் நான் டீச்சர்தான். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்த பெண் எந்த ஸ்கூல் என்று கேட்டாள். ஒரு ஸ்கூலைச் சொல்லிவைத்தேன்.